மிலானுக்குப் போன கைராசி

திருநெல்வேலி டவுணில் புதிதாக ஒரு ஜவுளிக்கடை திறப்பதென்றால், பத்திரிகை அடிக்கும் முன்பே பிரம்மநாயகியிடம் நாள் கேட்டு ஆள் வந்துவிடும். அவள் போணி பண்ணிய கடை படுக்காது என்று நாலு ரத வீதியிலும் ஒரு பேச்சு. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஹசன் அலி மேல ரத வீதியில் ஒற்றைக் கதவுக் கடை ஒன்று போட்டபோது, முதல் ஆளாகப் படியேறியவள் அவள். அரை நாள் உட்கார்ந்து கடையையே புரட்டிப் போட்டுவிட்டு, கடைசியில் மாம்பழக் கலரில் ஒரு சுங்குடிச் சேலையை எடுத்துக்கொண்டு போனாள். ஹசன் அலி அன்றைக்கு மனசுக்குள் அவளைத் திட்டாத திட்டு இல்லை. இன்றைக்கு அவருக்கு மூன்று மாடிக் கடை. பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது.

பிரம்மநாயகி வேறு யாருமில்லை, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குமரகுருபரனின் சம்சாரம். ஐம்பத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, எதைக் கண்டாலும் தொட்டுப் பார்த்து நாலு கேள்வி கேட்காமல் நகராத சுபாவம். ராசியான கை, ராசியான கை என்று ஊர் சொல்லச் சொல்ல அவளும் நம்பிவிட்டாள். யார்தான் நம்பமாட்டார்கள்? கடைக்காரர்கள் கார் அனுப்பினார்கள். வாசலில் சந்தனம் கொடுத்தார்கள், உள்ளே நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார்கள், தாம்பாளத்தில் ஒரு சேலையைத் தயாராக வைத்து நீட்டினார்கள். அவளும் பணத்தை வைத்துவிட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு வந்தாள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷ வேலை.

அப்படிப் போணி பண்ணிய கடைகளில் மூன்று, ஒன்றரை வருஷத்துக்குள் அடுத்தடுத்துப் படுத்துவிட்டன. முதலில் வண்ணார்பேட்டையில் ஒன்று, பிறகு பேட்டையில் ஒன்று, அப்புறம் தெற்கு ரத வீதியில் ஒன்று. ஒருவரும் அவளிடம் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. போன சித்திரையில் கீழ ரத வீதியில் ஒரு கடை திறந்தார்கள். பத்திரிகை வந்தது. இவளும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றாள். சந்தனம் கொடுத்தார்கள், காப்பியும் கொடுத்தார்கள். தாம்பாளத்தை மட்டும் வேறொரு பெண்ணிடம் நீட்டினார்கள். கையில் இருந்த காப்பியைக் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டியிருந்ததுதான் பெரிய கொடுமை. வீட்டுக்கு வந்தவள், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இந்த லட்சணத்தில்தான் மிலானிலிருந்து வேணி கூப்பிட்டாள். வேணி ஒரே மகள். ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு இத்தாலிக்குப் போய், அந்த ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் ஆறு வருஷம் துணி வெட்டிக்கொண்டிருந்தவள், சேர்த்ததையெல்லாம் போட்டுச் சொந்தமாக ஒரு சின்னக் கடை பிடித்திருந்தாள்.

“எம்மா, ஒனக்கு டிக்கெட் போட்டாச்சு. நீ வந்து போணி பண்ணுனாத்தான் கடையத் திறப்பேன்.”

“எதுக்குட்டி அவ்வளவு தூரம்? அங்கன உள்ளவங்க யாரையாவது வச்சுப் பண்ணேன்.”

“அவங்களுக்குப் போணின்னா என்னன்னு தெரியுமா? பேசாம வா.”

விஷயத்தைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். விளங்காத கையைக் கொண்டுபோய் மகளுடைய ஆறு வருஷ உழைப்பின் மேல் வைக்கப் போகிறோமே என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் மகளிடமும் பெயர் போய்விடுமே என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவள் தடுமாறிக்கொண்டிருக்கையில் விசா வந்துவிட்டது. விமானம் என்றாலே தலை சுற்றும் குமரகுருபரன் வீட்டோடு நின்றுகொண்டார். போணிக்கென்று ஒரு ஐரோப்பிய நோட்டை மாற்றி வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்து அனுப்பினார்.

விமானத்தில் அந்த முடிச்சை மடியில் வைத்துக்கொண்டே பிரம்மநாயகி ஒரு முடிவுக்கு வந்தாள். போணியைத் தான் பண்ணுவதில்லை. அவ்வளவு பெரிய ஊரில் ராசியான கை ஒன்றுகூடவா இருக்காது? தேடிப் பிடித்துக் கடைக்குள் அனுப்பிவிட வேண்டியது. கடை திறப்பு வியாழக்கிழமை. அவள் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. ஆறு நாள் இருந்தது.

முதல் இரண்டு நாளும் வேணி ஊரைச் சுற்றிக் காட்டினாள். வெள்ளைப் பளிங்கில் கட்டிய பிரம்மாண்டமான மாதா கோவில் ஒன்றைப் பார்த்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, பிரம்மநாயகி ஒரு தூணைத் தடவிப் பார்த்து, “இத எப்படிட்டி கழுவுதாங்க?” என்று கேட்டாள். அதை ஒட்டிக் கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதி. அங்கே தரையில் சின்னச் சின்னக் கற்களால் ஒரு காளை பதித்திருந்தது. கோட்டும் சூட்டுமாக வந்த மனுஷர்கள் அதன் மேல் குதிகாலை ஊன்றிப் பம்பரமாகச் சுற்றிவிட்டுப் போனார்கள்.

“இவங்களுக்கு என்ன செய்யுது?”

“ராசிக்கும்மா. மூணு சுத்துச் சுத்துனா நல்லதாம்.”

பிரம்மநாயகிக்கு அந்த நிமிஷமே ஊர் பிடித்துப்போயிற்று. ராசி பார்க்கிற ஊர்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வலியோடு அவளும் மூன்று சுற்றுச் சுற்றினாள்.

அதற்கப்புறம் போன தெருவில்தான் அவள் மலைத்துப்போனாள். மேல ரத வீதியில் என்றால் முப்பது பேர் உட்கார்ந்து சேலை பார்க்கிற அளவு இடத்தில் ஒரு கடை, அதில் நாலே நாலு சட்டை தொங்கின. வாசலில் ஒரு வாட்டசாட்டமான ஆள் காவலுக்கு நின்றான்.

“மிச்சத்த எங்கட்டி அடுக்கி வச்சிருக்கான்?”

“அவ்வளவுதாம்மா சரக்கு.”

“இத வச்சு எப்படிப் பொழைக்கான்?”

ஒரு சட்டையின் விலையைச் சொல்லி வேணி விளக்கினாள். பிரம்மநாயகிக்கு நம்பிக்கை வரவில்லை. டிராமில் திரும்பும்போதும் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். யோசனையோடு யோசனையாக, முன்னால் நின்ற பெண்ணின் கோட்டு ஓரத்தைப் பைய விரலால் புரட்டி உள் தையலைப் பார்த்தாள். அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்ப, வேணி ஆயிரம் மன்னிப்புக் கேட்டாள். “நல்ல தையல்னு சொல்லு அவகிட்ட,” என்றாள் பிரம்மநாயகி. வேணி சொன்னாள். அந்தப் பெண் இறங்கும்வரை சிரித்த முகமாகவே நின்றாள். மறுநாள் போன ஓவியக் கூடத்திலும் இதே கதைதான். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய படங்கள் வரிசையாக மாட்டியிருக்க, ஒரு மாதா படத்தின் முன்னால் இவள் கால் மணி நேரம் நின்றாள். பக்தி என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் வழிவிட்டார். இவள் பார்த்துக்கொண்டிருந்தது மாதாவின் பச்சைப் பட்டு முழங்காலில் மடிந்து விழுந்திருந்த விதத்தை.

மூன்றாம் நாளிலிருந்து வேணிக்குக் கடை வேலை சரியாக இருந்தது. வாய்க்கால் ஓரத்துத் தெரு ஒன்றில் இருந்தது கடை. நெல்லைக் கால்வாயைக் கழுவித் துடைத்துக் கரையில் நாற்காலி போட்டால் எப்படியோ அப்படி ஒரு வாய்க்கால். பிரம்மநாயகி காலையில் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவாள். உண்மையில் வேவு பார்க்கத்தான் போனாள்.

முதல் நாளே அடி வாங்காத குறை. பழக்கடையில் தக்காளியை அமுக்கிப் பார்த்தாள். கடைக்காரன் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினான். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் விழித்தவளின் தோளை யாரோ தட்டினார்கள். எழுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி, கயிற்றில் ஒரு குட்டை நாய். அந்த அம்மாள் பெட்டியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் கையுறை ஒன்றை உருவித் தன் கையில் மாட்டி, தக்காளியைத் தொட்டுக் காட்டினாள். கைக்கு உறை போட்டுத்தான் தொட வேண்டுமாம். தொட்டுப் பார்த்தால் என்ன தெரியும், உறையைத் தொட்டதுபோல்தானே இருக்கும் என்று பிரம்மநாயகி தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மாளும் அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். இருவரும் ஒருவருக்கொருவர் ஒத்துக்கொண்டதுபோல் தலையை ஆட்டினார்கள்.

அடுத்த நாள் பாலத்தின் மேல் நின்று கவனித்தாள். எட்டு மணிக்கு ரொட்டிக்கடை திறக்கிறது, முதல் ஆள் அதே நாய்க்கார அம்மாள். அவள் வாங்கிவிட்டு வெளியே வந்ததுதான் தாமதம், கடைக்குள் கூட்டம் நுழைகிறது. பழக்கடையிலும் அவள்தான் முதல், அவளுக்குப் பின்னால் கூட்டம். பத்திரிகை விற்கிற பெட்டிக்கடையிலும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அச்சுப் பிசகாமல் அதேதான் நடந்தது. எட்டு, எட்டரை மணி எல்லோரும் வேலைக்குப் போகிற நேரம், கூட்டம் வராமல் என்ன செய்யும் என்று வேறு யாருக்காவது தோன்றியிருக்கும். பிரம்மநாயகிக்குத் தோன்றவில்லை. தேடிய கை கிடைத்துவிட்டது என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கடை திறப்புக்கு வேணி அழைப்பிதழ் அச்சடித்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, புதன்கிழமை காலையில் பாலத்தடியில் நாய்க்கார அம்மாளிடம் நீட்டினாள். அவள் அட்டையை வாங்கி மோந்து பார்த்தாள். பிரம்மநாயகி பத்து மணி என்று போட்டிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, ஒரு விரலை நிமிர்த்தி, “மொத ஆளா நீங்க வரணும்,” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, மார்பில் கையை வைத்துத் தலையசைத்தாள்.

வியாழக்கிழமை காலை வேணி வாசலில் மாவிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு இலையில் தோரணம் கட்டியிருந்தாள். கடை சின்னதுதான். ஒரு பக்கம் கழுத்தில் சுற்றும் துணிகள், ஒரு பக்கம் சட்டைகள், நடுவில் அவள் வெட்டித் தைத்த நீளக் கோட்டுகள். மேசை காலியாக இருந்தது.

“தாம்பாளம் எங்கட்டி?”

“தாம்பாளமெல்லாம் கெடையாது. நீ நில்லு, உள்ள விளக்க ஏத்திட்டு வாரேன்.”

வேணி பின்னறைக்குள் போன அதே நேரம் நாய்க்கார அம்மாள் வந்துவிட்டாள். சிவப்புத் தொப்பி, உதட்டில் சாயம். நாயை வெளியே கட்டிவிட்டு உள்ளே வந்தவளைப் பிரம்மநாயகி இடுப்பில் கை கொடுக்காத குறையாகக் கோட்டுகள் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். அவள் ஒன்றை எடுத்தாள், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டு, ஏதோ நாலு வார்த்தை சொல்லி, வெளியே போய் நாயை அவிழ்த்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

முதல் ஆள் வெறுங்கையோடு படியிறங்கிவிட்டாள். டவுணில் இப்படி நடந்தால் அன்றைக்குக் கல்லாப்பெட்டி முகத்தில் விழிக்க மாட்டார்கள். பிரம்மநாயகி அங்கே கிடந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கோடு வந்த வேணி, அம்மா அழுவதைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

“என்னம்மா செய்யுது?”

“ஒன் கடையக் கெடுத்துட்டேன் வேணி. எங் கை வேண்டாம்னு இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்தேன். அவ வாங்காமப் போய்ட்டா.”

எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று கடைகள், கீழ ரத வீதித் தாம்பாளம், நின்றபடி குடித்து முடித்த காப்பி, பாலத்தில் நின்று பார்த்தது. வேணி விளக்கை மேசை மேல் வைத்துவிட்டுத் தரையில் அம்மாவின் முழங்காலடியில் உட்கார்ந்தாள்.

“மூணு கடை பூட்டுனது எனக்கு அப்பவே தெரியும். ஹசன் அலி மாமா சொன்னாவ.”

“தெரிஞ்சுமாட்டி என்னியக் கூப்பிட்ட?” பிரம்மநாயகிக்கு அழுகை நின்று கோபம் வந்தது.

“ஹசன் அலி மாமா கடையில மொத மொத நீ என்ன வாங்குன?”

“மாம்பழக் கலர் சுங்குடி. முந்தியில ஒரு புள்ளி விட்டுப்போயிருந்துச்சு, அதச் சொல்லி வேற எடுக்கச் சொன்னேன். அந்தச் சாயக்காரன்கிட்ட இனிமே எடுக்காதீங்கன்னும் சொன்னேன்.”

“வடக்கு ரத வீதியில இன்னைக்கும் ஓடுதே ஒரு கடை, அங்கன?”

“ராமர் பச்ச. கரை சாயம் போவும்னு தண்ணி கேட்டு நனச்சுப் பாத்தேன். கடைக்காரர் மொகம் போன போக்கு இருக்கே.”

“சரி. வண்ணார்பேட்டைக் கடையில என்ன வாங்குன?”

பிரம்மநாயகி வாயைத் திறந்தாள். வண்ணார்பேட்டையில் என்ன கலர்? நீலமா? அது பேட்டையோ? தெற்கு ரத வீதியில் எடுத்தது சேலைதானா என்பதே ஞாபகமில்லை. சந்தனத்தின் வாசனை ஞாபகம் இருந்தது, போட்டோவில் தன் முகம் ஞாபகம் இருந்தது. தாம்பாளத்தில் கிடந்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த மூன்று கடைக்காரர்களில் ஒருவனிடமாவது ஒரு மடிப்பைப் பிரிக்கச் சொல்லியிருக்கலாம். காப்பியைக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

பிறகு முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“எல்லாத்தையும் எறக்கு.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடாம.”

வேணி இறக்கினாள். மேசை நிறைந்து, தரையில் விரிப்பு போட வேண்டியதாயிற்று. பிரம்மநாயகி சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினாள். பொத்தானை இழுத்துப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டு, “இதுல போனு நிக்காது,” என்றாள். ஒரு சட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சேலை கட்டிய ஒரு பெண் தரையில் உட்கார்ந்து கடையைக் கவிழ்த்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடி வழியே ஒருவர் நின்று பார்த்தார், அப்புறம் மூன்று பேர். அந்தத் தெருவில் இப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அரை மணி நேரம் போயிருக்கும். கதவு திறந்தது. நாய்க்கார அம்மாள், மூக்கில் மூக்குக் கண்ணாடி, கூடவே அவள் வயதில் ஒரு சிநேகிதி. வேணியிடம் கடகடவென்று பேசினாள். வேணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எம்மா, இவங்க பேரு ஜூலியானா. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டாங்களாம். தையலப் பாக்காம எப்படி வாங்கன்னு எடுக்கப் போயிருக்காங்க. ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்களாம்.”

ஜூலியானா தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, தயங்காமல் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து புரட்டினார்கள். ஒருத்தி தமிழில் குறை சொன்னாள், ஒருத்தி இத்தாலியனில் குறை சொன்னாள். வேணி ஒரு நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டே நின்றாள்.

கடைசியில் ஜூலியானா சாம்பல் நீலக் கட்டம் போட்ட கோட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். நிலைக்கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பினாள். அவளுக்கு அழகாக இருந்தது, சிநேகிதி கை தட்டினாள். ஜூலியானா பையைத் திறந்து பணத்தை வேணியிடம் நீட்டினாள். வேணியும் கையை நீட்டினாள். ராசியான கையிலிருந்து முதல் போணி. ஆறு நாளாக எதற்குத் தவம் கிடந்தாளோ அது கண் முன்னால் நடக்கிறது.

“பொறு,” என்றாள்.

எழுந்து போய் ஜூலியானாவின் இடது கையைத் தூக்கினாள். கக்கத்துக்குக் கீழே, முன்பக்கத்துக் கட்டமும் பின்பக்கத்துக் கட்டமும் சேரவில்லை. அரை விரல் அளவுக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே. வேணியின் முகம் சிவந்தது.

“அவசரத்துல வெட்டுனது. கைய எறக்குனா தெரியாதும்மா. அவங்களே ஒண்ணும் சொல்லல.”

“கைய எறக்கியே இருக்க முடியுமாட்டி?”

“எம்மா, காச நீட்டிட்டாங்க. மொத போணி.”

“போணி நாந்தானே பண்ணணும்னு சொன்ன?”

பிரம்மநாயகி கோட்டை ஜூலியானாவின் தோளிலிருந்து பைய உருவினாள். குவியலிலிருந்து, ஏற்கனவே புரட்டிப் பார்த்துத் தனியே ஒதுக்கி வைத்திருந்த கரும்பச்சைக் கோட்டை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டாள். ஜூலியானா தானே கையைத் தூக்கிக் கக்கத்தைப் பார்த்துக்கொண்டாள். பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு சிரிப்புச் சிரித்தாள். ஆனால் அவளுடைய பணத்தை உடனே வாங்க வேணியைப் பிரம்மநாயகி விடவில்லை. இடுப்பிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்து அவிழ்த்து, குமரகுருபரன் கொடுத்த நோட்டை முதலில் மகள் கையில் வைத்தாள். கட்டம் சேராத கோட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

“அது வேண்டாம்மா, நல்லதா ஒண்ணு எடு,” என்றாள் வேணி.

“இதுதான் எனக்கு. இது இந்தக் கடையிலேர்ந்து வேற யார் மேலயும் ஏறிப் போகக் கூடாது.”

ஒரு மாதம் கழித்துத் திருநெல்வேலிக்கு வந்தவளை மேல ரத வீதியில் பார்த்துவிட்டு ஹசன் அலி கல்லாவிலிருந்து இறங்கி வந்தார்.

“வேணி கடை எப்படிப் போவுதுக்கா?”

“அது அவகிட்டதான் கேக்கணும் தம்பி. நான் எடுத்தது சாம்பல் நீலக் கட்டத்துல ஒரு கோட்டு. எடது கக்கத்துல அரை விரக்கட கட்டம் சேரல, மத்தபடி தையல் நல்ல தையல்,” என்றாள் பிரம்மநாயகி.